பிடித்த முயல்

ஷேர் ஆட்டோவிலிருந்து ஜைத்தூன் இறக்கியது
தையல் மெஷினும் கயிற்றுக் கட்டிலும்
சண்டை போட்டுப் பிரிந்த மிச்சம் போலிருந்தது.
நாலு மரக்கால். ஒன்றின் அடியில்
மடித்துச் செருகிய தீப்பெட்டி அட்டை.
நடுவில் பத்தங்குலச் சாணைக்கல்.

"ஆடுது" என்றாள்.
தெரிந்தது.
"ஆட்டோ பின்சீட்டுக்குக் கீழ மடங்கணும்.
தண்ணி என் மேல தெறிக்கக் கூடாது.
அப்புறம்
வலது கால்தான் மிதிக்கணும்னு
எவன் வச்சது?
இடுப்பு ஒரு பக்கமா ஏறிப்போச்சு."

டேப்பை எடுத்தேன்.
அவள் என் மேஜைச் சாக்பீஸை எடுத்தாள்.
"திரும்பி நில்லு."
ஸ்டூலில் உட்கார்ந்து
மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில்
முட்டிக்கு ஒரு கோடு, முழங்கைக்கு ஒரு கோடு
அவளே போட்டுவிட்டுப் போனாள்.

இரண்டு கோட்டுக்கும் நடுவே
ஒன்பதே முக்கால் அங்குலம்.
கல், அச்சு, பெல்ட், பலகை
எல்லாம் அதற்குள் வாழ்ந்தாக வேண்டும்.

கரண்ட் பில்லின் முதுகில் மூன்று ராத்திரி வரைந்தேன்.
ஒன்றரை அங்குல ஆங்கிளில் நாலு கால்,
குறுக்குச் சட்டம் போட்ட நாலு கால்,
திருகி உயர்த்தும் போல்ட் வைத்த நாலு கால்.
கடைசியில் பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்து
விடிகாலை துறைமுகத்துக்கே போனேன்,
தரையைப் பார்க்க.

ஏலக்கூடத்தில் ஐஸ் உருகி ஓடிக்கொண்டிருந்தது.
ஓடுகிற தண்ணீருக்குத் தெரிந்திருந்தது
அங்கே ஒரு முழம்கூட மட்டமில்லை என்று.
நாலு கால் மட்டமான தரையைக் கேட்கும்.
மூன்று கேட்காது, எங்கே வைத்தாலும் நிற்கும்.
முக்காலி என்ற சொல்லை
வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டா
மூன்று ராத்திரி கண் விழித்தேன்?

"அண்ணே, நீங்க புடிச்ச முயலுக்கு
மூணே காலா?" என்றான் குணாளன்,
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி.
"ஆமா. ராடை எடு."

அவள் பக்கம் இரண்டு கால், அகட்டி.
கத்தியை அழுத்தினால் சட்டம் எந்தப் பக்கம் சாயுமோ
அந்தப் பக்கம் ஒன்று, நீட்டி, கீல் வைத்து.
டி.வி.எஸ் ஐம்பதின் பின்சக்கரம், அதன் பேரிங்கோடு.
ரிம்முக்குள் சிமெண்ட் ஊற்றினேன்,
கால் மறந்தாலும் சுற்று மறக்காதிருக்க.
உடைந்த படகின் பலகையில் மிதி,
இரண்டு பாதமும் தங்கும் அகலம்.
தண்ணீருக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய குளுக்கோஸ் டியூப்.
சின்ன உருளையைத் தள்ளினால்
சொட்டு, சொட்டு, நிறுத்தம்.
கல்லுக்கு ஜுரம் என்றான் குணாளன்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு
அஞ்சலாட்சியின் கத்திதான் முதல்.
ஜைத்தூன் இடது காலை வைத்தாள்.
எல்லோரும் காலையே பார்த்தோம்.
ஆடவில்லை.
கத்தி பாடிற்று, பொறி பறந்தது, புடவை நனையவில்லை.
அஞ்சலாட்சி வஞ்சிரத்தின் முதுகில் கத்தியை வைத்தாள்;
அழுத்தியதாகத் தெரியவில்லை,
துண்டு தனியே சாய்ந்தது.
குணாளன் என்னைப் பார்த்தான்.
நான் பரவனாற்றைப் பார்த்தேன்,
பெருமையை எங்காவது வைக்க வேண்டுமே.

ஆறாவது கத்தியில்தான் கவனித்தோம்.
ஆடவில்லை, நகர்கிறது.
மீன்சளி படிந்த சிமெண்டில்
மிதிக்கு ஒரு நூல், மிதிக்கு ஒரு நூல் என்று
மூன்று காலும் கூடிப் பேசிச்
சாக்கடையை நோக்கிப் போகின்றன.
பின்னாலேயே ஜைத்தூன்
ஸ்டூலை இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டு,
அவளுக்குப் பின்னால்
கத்தி வைத்திருந்த பெண்களின் வரிசை.

சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது.
பிறகு இடுப்புப் பையிலிருந்து
செதில் ஒட்டிய நோட்டுகளை எண்ணினாள்.
முந்நூறு குறைந்தது.
"மீதி?"
"அது நின்ன பொறவு."

இப்போது லாரி டயரை வட்டமாக அறுக்கிறேன், மூன்று துண்டு.
உப்பும் சளியும் இதை எத்தனை மாதம் விடும், தெரியாது.
வழுக்கினால் ஆணி வைத்துப் பார்க்கணும்,
ஆணிக்குத் துறைமுகத்துக்காரர்கள் கத்துவார்கள்.
பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவன்
சுவரெல்லாம் அடித்துவிட்டு
இந்த இரண்டு கோடு என்ன என்றான்.
அளவு என்றேன்.
வேலை முடியல, விட்டுட்டு அடி.